திரும்பிப் போக மறுத்த பண்ணையாள்

கிராமத்துச் சாலையில் மஞ்சள் நிறத் தபால் வேன் ஒன்று வருகிறது. எதிரே சங்கிலிக் கவசம் போட்ட ஒரு பிரபுவும், கந்தல் சுற்றிய அவனுடைய பண்ணையாளும் நிற்கிறார்கள். வண்டியில் மாடும் பூட்டவில்லை, குதிரையும் பூட்டவில்லை. தானே உருண்டு வருகிறது. அப்படியென்றால் பேயின் வண்டியாகத்தான் இருக்க வேண்டும். இருவரும் பாய்ந்து அதை அடித்து நொறுக்குகிறார்கள், ஓட்டிவந்தவர் உயிர் தப்பினால் போதும் என்று ஓடுகிறார்.

'லே விசித்தேர்' ('விருந்தாளிகள்') என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். 1993 ஜனவரி 27 அன்று பிரான்ஸில் வெளிவந்தது. இயக்கியவர் ழான்-மரி புவாரே. அவரும் நடிகர் கிறிஸ்தியான் கிளாவியேவும் சேர்ந்து எழுதியது. பிரான்ஸில் மட்டும் 1 கோடியே 37 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. அன்றைக்கு அந்த நாட்டு மக்கள்தொகையே 6 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அதே வருடம் அக்டோபரில் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு ஹாலிவுட்டின் டைனோசர்கள் பாரிஸுக்கு வந்து இறங்கின. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது இந்தக் கவசக்காரனும் பண்ணையாளும் டைனோசர்களைப் போல ஏறக்குறைய இருமடங்கு கூட்டத்தை இழுத்திருந்தார்கள். உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் சினிமாவை மற்ற சரக்குகளோடு சேர்க்கக் கூடாது என்று பிரான்ஸ் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருடமும் அதுதான். பெரிய கலைப் படம் எதுவும் அல்ல, அழுக்கும் கூச்சலும் நிறைந்த ஒரு நகைச்சுவைப் படம்தான் அந்த வருடம் ஹாலிவுட்டை முந்தியது.

காலப் பயணக் கோமாளித்தனம் என்றுதான் பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் இதை பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய படமாகப் பார்க்கிறேன். புரட்சி இதில் ஒரு நொடிகூடத் திரையில் வருவதில்லை என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் கதை. வருடம் 1123. பிரான்ஸை ஆள்வது ஆறாம் லூயி, வரலாற்றில் 'தடித்த லூயி' என்று பெயர் வாங்கியவர். ஆங்கிலேய வீரர்களிடமிருந்து அவர் உயிரைக் காப்பாற்றுகிறான் கோத்ஃப்ருவா என்ற வீரன். மன்னர் மகிழ்ந்து அவனை மோன்மிராய் பிரபுவாக்கி, டியூக் ஒருவரின் மகள் ஃப்ரெனெகோந்தையும் மணமுடித்துவைக்கச் சம்மதிக்கிறார். போகிற வழியில் பிடிபட்ட சூனியக்காரி ஒருத்தி அவன் குடுவையில் மயக்க மருந்தைக் கலந்துவிடுகிறாள். அதைக் குடித்தவனுக்கு வருங்கால மாமனார் கரடியாகத் தெரிகிறார். குறுக்குவில்லை எடுத்து அம்பை விட்டுவிடுகிறான். தந்தையைக் கொன்றவனை எப்படிக் கட்டிக்கொள்வது? பெண் கன்னிமடத்துக்குப் போக முடிவெடுக்கிறாள். அம்பு கிளம்புவதற்கு முந்தைய கணத்துக்குத் தன்னை அனுப்பச் சொல்லி ஒரு கிழட்டு மந்திரவாதியிடம் போகிறான் கோத்ஃப்ருவா. மந்திரவாதி பானம் காய்ச்சும்போது காடை முட்டைகளைச் சேர்க்க மறந்துவிடுகிறார். விளைவு, பின்னால் போக வேண்டியவர்கள் முன்னால் போய் 1992-இல் விழுகிறார்கள். கூட விழுகிறவன் பண்ணையாள் ழாக்கூய்.

இதற்கப்புறம் வருகிற பல காட்சிகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு மனப்பாடம். பியாத்ரிஸ் என்ற பெண் கோத்ஃப்ருவாவின் வம்சத்தில் வந்தவள். காணாமல்போன தன் உறவினன்தான் நினைவு தப்பித் திரும்பி வந்திருக்கிறான் என்று நம்பி இருவரையும் வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். கணவர் பல் மருத்துவர். அவர்கள் வீட்டில் இந்த இருவரும் கழிப்பறைத் தொட்டியில் முகம் கழுவுகிறார்கள். குளியல் தொட்டியில் விலை உயர்ந்த வாசனைத் திரவியத்தைப் புட்டியோடு கவிழ்க்கிறார்கள். ஆட்டுத்தொடையைக் குடையில் குத்திக் கணப்பில் வாட்டுகிறார்கள். ழாக்கூய்க்கு மின்விளக்கின் சுவிட்ச் அகப்படுகிறது. பகல், இரவு, பகல், இரவு என்று சொல்லிச் சொல்லி அதைப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கிறான்.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டுக் காட்சி. கோத்ஃப்ருவா மேசையில் உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்கிறான். ழாக்கூய் தரையில் கிடக்கிறான். பிரபு மென்று மிச்சமானதைக் கீழே எறிய, அவன் எடுத்துத் தின்கிறான். பியாத்ரிஸ் பதறுகிறாள். வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். பதறாதவர்கள் அந்த இருவர் மட்டும்தான். இவ்வளவு அன்பும் விசுவாசமும் கொண்ட கோத்ஃப்ருவாவுக்கு இதில் எந்தத் தப்பும் தெரிவதில்லை, ழாக்கூய்க்கும் தெரிவதில்லை. ழாக்கூயாக நடிக்கும் கிளாவியேவின் கண்களைக் கவனியுங்கள். அந்தத் துண்டு எந்தப் பக்கம் விழும் என்பதைத் தவிர வேறெதுவும் அவற்றில் இல்லை. படத்தின் பிற்பாதியில் அதே கண்கள் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான் இந்தப் படம் என்று சொல்வேன்.

ழாக்கூயை மாற்றுவது விளக்கும் காரும் அல்ல. ழினெத் என்ற தெருவோரப் பெண் மாற்றுகிறாள். வீடு வாசல் இல்லாதவள், கத்திப் பேசுகிறவள், பார்த்த மாத்திரத்தில் இவனைத் தன்னைப் போன்ற ஒருவனாக எடுத்துக்கொள்கிறவள். மரி-ஆன் ஷாஸெல் நடித்தார். அவளிடமிருந்து அவன் 'ஓக்கே' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறான். வாயை அகலத் திறந்து அதை அவன் இழுத்துச் சொல்கிற விதத்தை ஒரு தலைமுறையே திருப்பிச் சொல்லித் திரிந்தது. அவள் அவனுக்குக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடை மாட்டிவிடுகிறாள். கூட்டிக்கொண்டு சுற்றுகிறாள். அவனிடம் யாரும் இதுவரை பெயரைச் சொல்லிக் கொஞ்சிப் பேசியதில்லை.

12-ஆம் நூற்றாண்டுப் பண்ணையடிமையின் நிலையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தக் காட்சிகளின் கனம் கூடுகிறது. பண்ணையடிமை தன் பிரபுவின் எல்லைக்கு வெளியே பெண் எடுக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பணமும் கட்ட வேண்டும். செத்துப்போனால் அவன் சேர்த்ததை விருப்பப்படி யாருக்கும் எழுதிவைக்க முடியாது. அவற்றைப் பிரபு எடுத்துக்கொள்ள வழி இருந்தது. ஆக, ழாக்கூய் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறானே, அதற்கே அவன் ஊரில் கணக்குக் கேட்பார்கள். எஜமானின் உத்தரவு இல்லாமல் அவன் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு ழினெத்தான். படம் இதை விளக்கிச் சொல்வதில்லை. கோமாளி உடையில் அவனைக் குதிக்கவிட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. புவாரே எதிலும் நிற்கிற ஆள் கிடையாது, ஒரு ஷாட்டை மூச்சுவிட நேரமில்லாமல் வெட்டி இன்னொன்றுக்குத் தாவுவார். அந்த அவசரம் பல இடங்களில் எனக்குத் தலைவலி தருகிறது. இந்த இடத்தில் மட்டும் இன்னும் பத்து நொடி கேமரா நின்றிருக்கலாமே என்று ஏங்கவைக்கிறது.

நடிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளாவியேவும் ஷாஸெலும் 1970-களில் பாரிஸின் சின்ன அரங்குகளில் வளர்ந்த 'ஸ்ப்ளெந்தீத்' நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். பார்வையாளர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மேடையில் பழகியவர்கள் என்பது அவர்களுடைய ஒவ்வொரு அசைவிலும் தெரியும். கோத்ஃப்ருவாவாக வரும் ழான் ரெனோ அதற்கு நேர் எதிர். காஸாபிளாங்காவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். நம்மில் பலர் அவரைப் பேசாத, துப்பாக்கி பிடித்த மனிதராகத்தான் அறிவோம். இதில் அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவைக்க முயல்வதில்லை. வாளைத் தூக்கிக்கொண்டு 'மோன்ழுவா! சேன் தெனீ!' என்று போர் முழக்கம் இடும்போது அவர் உண்மையிலேயே போருக்குத்தான் போகிறார். சாலையோர உணவகத்தில் நின்றுகொண்டு அப்படிக் கத்துகிறோம் என்கிற உணர்வு அவரிடம் கொஞ்சமும் கிடையாது. அவர் அப்படி நம்பி நடிப்பதால்தான் பக்கத்தில் கிளாவியே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் படம் சாய்வதில்லை.

ஆனால் விருது வாங்கியவர் வலேரி லெமெர்சியே. ஃப்ரெனெகோந்தும் பியாத்ரிஸும் அவர்தான். அந்த வருடப் படங்களுக்கான சேஸார் என்ற பிரெஞ்சு சினிமா விருதுகளில் 'லே விசித்தேர்' 8 பரிந்துரைகள் பெற்று, சிறந்த துணை நடிகைக்கான ஒன்றை மட்டும் அவர் மூலம் வென்றது. பழைய பணக்கார வீட்டுப் பெண்கள் பேசுகிற பிரெஞ்சு ஒன்று உண்டு. வாயை அதிகம் திறக்காமல், எல்லோரையும் அன்பாகவும் கொஞ்சம் தள்ளிவைத்தும் பேசுவது. கோட்டை கைவிட்டுப் போய், பல் மருத்துவரின் மனைவியாகச் சாதாரண வீட்டில் இருந்தாலும், பியாத்ரிஸின் நாக்கில் அந்தக் கோட்டை அப்படியே இருக்கிறது. துணைத்தலைப்பை வைத்துப் பார்த்தபோது எனக்கு அவர் வெறும் படபடப்பான பெண்ணாகத்தான் தெரிந்தார். கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டபின் பார்த்தால், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வம்சாவளியே ஒலிக்கிறது. பிரபுவும் பண்ணையாளும் பேசுகிற 'பழைய' பிரெஞ்சோ எந்த நூற்றாண்டிலும் யாரும் பேசியதல்ல. பாதி பழஞ்சொல், பாதி கட்டிவிட்டது. பின்னணி இசை அமைத்த எரிக் லெவி பிற்பாடு 'எரா' என்ற பெயரில் இசை வெளியிட்டு உலகம் சுற்றினார், அதில் வரும் சேர்ந்திசையும் லத்தீன் மாதிரி ஒலிக்கிற, லத்தீன் அல்லாத மொழிதான்.

ஒரு காட்சி மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. தபால் வேன் ஓட்டிவருபவர் கறுப்பினத்தவர். சிலுவைப் போர்க் காலத்து ஆட்கள் அவரைப் பார்த்து 'சராசன்' என்று அலறுகிறார்கள், அதாவது மதப் பகைவன். 1123-இன் மூடத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது படம். ஆனால் அரங்கில் விழுகிற சிரிப்பின் ஒரு பகுதி அந்த மனிதரின் மேலும் விழுகிறது. அவருக்குப் பேரும் இல்லை, ஓட்டம் மட்டும்தான். பட்டம் பதவி பற்றி இவ்வளவு கூர்மையாக இருக்கிற படம் இந்த இடத்தில் கவனிக்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

சரி, கோட்டைக்கு வருவோம். 1992-இல் மோன்மிராய் கோட்டை சொகுசு விடுதியாகிவிட்டது. முதலாளி ழாக்கார். மடிப்புக் கலையாத உடையும், எச்சில் பட்டுவிடுமோ என்ற முகமுமாக இருக்கிற அவன், ழாக்கூயின் வழித்தோன்றல். நடிப்பவரும் கிளாவியேதான். எட்டரை நூற்றாண்டில் பிரபுவின் வாரிசு கோட்டையை விட்டு வெளியே போய்விட்டாள், பண்ணையாளின் வாரிசு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். கோத்ஃப்ருவாவுக்கு இது பிசாசின் வேலையாகத் தெரிகிறது. ரெனோவுக்கு இந்தப் படத்தில் ஒரே வேடம், கிளாவியேவுக்கு இரண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். பிரபு எந்த நூற்றாண்டிலும் ஒரே ஆள். மாற முடிந்தது பண்ணையாளால்தான்.

இந்த விடுதிக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் பாரிஸுக்கு வடக்கே, வாஸ் மாவட்டத்தில் உள்ள எர்மெனோன்வீல் கோட்டை. மனிதர்களிடையே ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்று 1755-இல் நூல் எழுதிய ழான்-ழாக் ரூசோ, 1778 ஜூலை 2 அன்று உயிர்விட்டது இந்த எர்மெனோன்வீலில்தான். கோட்டையின் உரிமையாளரான பிரபு தன் பூங்காவில் அவரைத் தங்கவைத்திருந்தார். ஏரி நடுவில் பாப்ளர் மரங்கள் சூழ்ந்த சின்னத் தீவில் புதைத்தார்கள். புரட்சி வந்தபின், 1794-இல், அவருடைய எலும்புகளை மரியாதையோடு நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1358-இல் இந்தப் பகுதியில்தான் 'ழாக்கெரி' என்ற உழவர் கலகம் மூண்டது. ழாக் என்பது குடியானவர்களுக்குப் பிரபுக்கள் வைத்த பட்டப்பெயர். நம் பண்ணையாளின் பெயரும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. எர்மெனோன்வீலில் அப்போதிருந்த கோட்டையையும் கலகக்காரர்கள் தாக்கினார்கள். சில வாரங்களில் பிரபுக்கள் திரண்டு வந்து அவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஆக, ஒரு பண்ணையாளின் பேரன் கோட்டைக்கு முதலாளியாக நிற்கிற கதையை எடுக்க இதைவிடப் பொருத்தமான வாசல் பிரான்ஸில் கிடைக்காது. படம் இதில் ஒரு வரியைக்கூடச் சொல்வதில்லை.

இப்போது புரட்சி விஷயம். 1123-க்கும் 1992-க்கும் நடுவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு தேதி இருக்கிறது. 1789 ஆகஸ்ட் 4 இரவு, வெர்சாயில் கூடியிருந்த தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒவ்வொன்றாக ஒழித்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1779-இல்தான் மன்னர் பதினாறாம் லூயி தன் சொந்த நிலங்களில் மிச்சமிருந்த பண்ணையடிமைகளை விடுவித்திருந்தார். அவ்வளவு பிந்தி! ழாக்கூய் தூங்கி எழுந்தது மாதிரி இந்தத் தேதியைத் தாண்டி வந்து விழுகிறான். அதற்காக அவன் எதுவும் செய்யவில்லை, யாரையும் எதிர்க்கவில்லை. பலன் மட்டும் கைக்கு வந்திருக்கிறது. எஜமான் எறிந்ததைத் தின்றவன், எஜமான் என்று யாரும் சட்டப்படி இல்லாத ஊரில் நிற்கிறான். அந்த ஊரில் யாருக்கும் இது ஒரு செய்தியே இல்லை. தான் குடிக்கிற தண்ணீரைப் போல அவர்கள் அதைக் கவனிப்பதே கிடையாது. பள்ளிப் பாடமாகவும் ஜூலை 14 தேசிய தின வாணவேடிக்கையாகவும் ஆகிவிட்ட புரட்சியை, அதனால் என்ன கிடைத்தது என்று ஆச்சரியப்படத் தெரிந்த ஒரே ஆள் அந்த அழுக்குப் பிடித்த பண்ணையாள்தான். 1 கோடியே 37 லட்சம் பேர் சிரித்துக்கொண்டே அவன் கண்ணால் தங்கள் நாட்டைப் பார்த்தார்கள்.

அதனால்தான் முடிவுக் கட்டத்தில் அவன் செய்வது என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. கோத்ஃப்ருவா திரும்பியாக வேண்டும். போய்த் திருமணம் செய்துகொண்டு பிள்ளை பெறாவிட்டால் பியாத்ரிஸே இருக்க மாட்டாள். மந்திரவாதியின் வழிவந்த ஒருவரிடமிருந்து பானம் கிடைத்துவிடுகிறது. ழாக்கூய் மறுக்கிறான். மறுப்பது கோத்ஃப்ருவாவின் மூளைக்கு எட்டுவதே இல்லை, தன் கையே தன் சொல்லைக் கேட்க மறுப்பது போல விழிக்கிறான். ழாக்கூய் வாக்குவாதத்தில் வெல்ல முடியாதென்று தெரிந்து தந்திரம் செய்கிறான். ழாக்காரை மயக்கி, தன் கந்தலை அவனுக்கு மாட்டி, தன் இடத்தில் 1123-க்கு அனுப்பிவிடுகிறான். கோத்ஃப்ருவா அம்பைத் திசைமாற்றிக் காதலியை மணக்கிறான். சேற்றில் விழித்தெழுகிற ழாக்கார் சுற்றிலும் பார்த்து அலறுகிறான். படம் முடிகிறது.

அரங்கம் அந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரிக்கும். படம் வந்த நாளிலேயே, இது பழைய பிரபுக்களின் பக்கம் சாய்கிற படம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. குடிப்பிறப்புள்ள பியாத்ரிஸ் எவ்வளவு அபத்தமாக நடந்தாலும் படம் அவளை நேசிக்கிறது. உழைத்தோ ஏய்த்தோ மேலே வந்த ழாக்காரை ஒரு காட்சியிலும் நேசிப்பதில்லை. மேலே ஏறியவனைத் திரும்பச் சேற்றில் தள்ளுவதைப் பரிசாகவும் தருகிறது. ஆனாலும் தள்ளுகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். பிரபு தள்ளவில்லை. தன் வம்சம் பணக்காரனாகிவிட்டதைவிடத் தான் ஒருவன் விடுதலையாக இருப்பது ழாக்கூய்க்குப் பெரிதாக இருக்கிறது. யாராவது ஒருவன் கீழே இருந்தாக வேண்டும் என்ற கணக்கை அவன் ஒழிக்கவில்லை, அந்த இடத்திலிருந்து தான் நழுவிக்கொண்டான், அவ்வளவுதான். இந்தக் கசப்பு படத்துக்குள்ளேயே இருக்கிறது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இருப்பதிலேயே நேர்மையான இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பின்னால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998-இல் இரண்டாம் பாகம். லெமெர்சியே நடிக்கவில்லை, மூரியேல் ரொபேன் வந்தார். காலத்தின் கதவை மறுபடி திறக்கத் திருட்டு நகை ஒன்று தேவைப்பட்டது. கூட்டம் வந்தது, உயிர் வரவில்லை. 2001-இல் அதே ரெனோவையும் கிளாவியேவையும் இங்கிலாந்திலிருந்து சிகாகோவுக்கு அனுப்பி ஆங்கிலத்தில் எடுத்தார்கள். புவாரே அதில் தன் பெயரைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டார். சிகாகோவில் அந்தப் பிரபுவுக்குக் கோட்டை இருந்ததில்லை, அந்த ஊரில் அவனுக்கு யாரும் பண்ணையடிமையாக இருந்ததும் இல்லை. அதனால் வேலைக்காரன் அங்கே தங்கிவிடுவது சுற்றுலாப் பயணிக்கு ஊர் பிடித்துப்போனது போல ஆகிவிட்டது.

2016-இல் வந்ததுதான் எனக்குப் பாடம். இந்த முறை இருவரையும் புரட்சியின் நடுவிலேயே, 1793-இல், இறக்கினார்கள். புரட்சித் தலைவர்களான ரொபெஸ்பியேர் வருகிறார், மாரா வருகிறார், தலைவெட்டும் கில்லட்டின் வருகிறது. முதல் படம் தாண்டிக் குதித்த இடத்தில் இது கால் ஊன்றி நின்றது. பார்த்தவர்கள் 22 லட்சம் பேர் அளவில் நின்றுபோனார்கள். உடையும் அரண்மனையும் முதல் படத்தைவிடச் சிறப்பாகவே இருந்தன. ஆனால் புரட்சி நடந்துகொண்டிருக்கும்போது ழாக்கூய்க்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. சுற்றியிருக்கும் எல்லோருமே அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், சாகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் இன்னொரு ஆள். சுவிட்சைப் போட்டு அணைத்து நின்றவனின் வியப்புக்கு அங்கே இடமே இல்லை.

பார்ப்பதாக இருந்தால் 1993-ஆம் வருடப் படத்தை மட்டும், பிரெஞ்சு ஒலியோடு, துணைத்தலைப்பு வைத்துப் பாருங்கள். மொழிமாற்றிய ஒலியில் லெமெர்சியே பாதி காணாமல் போய்விடுகிறார். முதல் இருபது நிமிடம் இரைச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.